கீழிருந்தும் அடிக்கும் வெயில்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிறவர்கள் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் ஓலை வேய்ந்த உப்புக் குவியல்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். பார்த்துக்கொண்டே முருகனிடம் போய்விடுவோம். அடுத்த முறை ஒரு மணி நேரம் இறங்கிப் பாருங்கள். அளத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, காலை ஏழு மணிக்குள் போய்விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழைத் தண்ணீர்தான் நிற்கும்.

அங்கே முதலில் கண்ணில் படுவது பெண்களின் உடுப்பு. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, அதன் முனையை இழுத்து மூக்கு வரை ஒரு கட்டு. "தலைக்குத் தொப்பி போதாதா அக்கா?" என்று கேட்டேன். "மேல இருந்து மட்டுமா அடிக்கி? கீழ இருந்தும்லா அடிக்கி" என்றார். உண்மைதான். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் ஒளி தாடைக்கடியிலும் கண்ணிலும் ஏறுகிறது. தொப்பி அதைத் தடுக்காது. சன்ஸ்கிரீனோ வியர்வையில் வழிந்துவிடும். இரண்டு மணிக்கொரு முறை மறுபடி பூச அங்கே யாருக்கு நேரம்? நெருக்கமாக நெய்த, அடர்நிறத் துணி நன்றாகவே காக்கும். நனைந்த வெள்ளைப் பருத்தி அவ்வளவு காக்காது. கறுப்புக் கண்ணாடி மட்டும் பலரிடம் இல்லை. எனக்கு உறுத்தியது அதுதான்.

முகச் சுருக்கத்தில் எவ்வளவு வெயிலுடையது, எவ்வளவு வயதுடையது? அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2012-இல் ஒரு படம் வந்தது. 28 ஆண்டுகள் வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தடித்து, ஆழமாகச் சுருங்கியிருந்தது. கண்ணாடி வழியாகவும் நுழையும் புற ஊதா-ஏ கதிரின் வேலை அது. ஒரே ஆள், ஒரே வயது. அந்த வித்தியாசம் முழுக்க வெயிலுடையது. அதைத் துணியால் தடுக்கலாம். அறுபதில் தொடங்கினாலும் பலன் உண்டு.

ஆனால் தோலுக்கு அடியில் நடப்பது வேறு. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் புறங்கையிலும் மெத்தைபோல இருக்கும் கொழுப்பு வயதாக ஆக வற்றுகிறது. கன்னம் ஒட்டுகிறது, நரம்பு புடைக்கிறது, லேசாக இடித்தாலும் கன்றிப்போகிறது. நிழலிலேயே வாழ்ந்தவர்களுக்கும் இது வரும். இதை மேலே பூசி நிரப்ப எந்த க்ரீமாலும் முடியாது. விளம்பரம் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இந்தக் கொழுப்பு அழகு சமாச்சாரம் மட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாத்தி ஓரம் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் தன் குதிகாலைத் தொட்டுக் காட்டினார். "இங்கன சதையே இல்ல தாயி. நடந்தா எலும்பு குத்துது." குதிகாலிலும் அதே மெத்தைதான் இருக்கிறது, அதுவும் வயதில் மெலிகிறது. வீட்டில் மொசைக் தரையில் நடக்கும் நமக்கே ரப்பர் செருப்பு வேண்டியிருக்கிறது. ஆச்சி நடப்பதோ பரல் பரலாக உப்பு உறைந்த பாத்தியில், வெறுங்காலோடு. உப்புத் தண்ணீர் உள்ளே போகாத, அடிப்பாகம் மெத்தென்ற பூட்ஸ் இருந்தால் வலி குறையும்.

பூட்ஸ் போட்டால் வழுக்காதா என்று ஆச்சியிடம் கேட்டேன். "வழுக்காதது குடுத்தா போடுவேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.