ஜெரி கொலின்ஸும் ஒரு சோடிக் காலுறையும்

எங்கட வட்டத்தில பள்ளிக்கூடக் காலத்தில றக்பிப் பந்தைத் தொட்டுப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை. கொழும்பிலயும் கண்டியிலயும் பெரிய பாடசாலைகளில படிச்ச ஆக்களுக்கு அது மதம் மாதிரி. எங்களுக்குக் கிரிக்கெட், உதைபந்தாட்டம், மிஞ்சினால் கரப்பந்து. அதனால இந்தக் கட்டுரையை விளையாட்டு விமர்சனமா வாசிக்க வேண்டாம். ஒரு மனுசன்ர உடம்பு எந்தெந்த நாட்டுக்குச் சொந்தமாகுது, எப்ப ஒருத்தருக்கும் சொந்தமில்லாமல் போகுது எண்ட கேள்வியோட கொஞ்சக் காலமா அலைஞ்சுகொண்டிருக்கிறம். அந்தக் கேள்விக்குள்ள எங்களை இழுத்து விட்டவர் ஜெரி கொலின்ஸ்.

விடுதியில ஒரு இரவு, பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில, கைப்பேசியில தற்செயலா ஓடின வீடியோதான் தொடக்கம். தலைமுடியை மஞ்சளா வெளுத்துக்கொண்ட, நூறு கிலோவுக்கு மேல நிறையுள்ள ஒருத்தர் ஓடி வாறவனைத் தோளால நிறுத்துறார். நிறுத்துறார் எண்டு சொல்லுறது கூடப் போதாது. ஓடி வந்தவன் சுவரில மோதின மாதிரிப் பின்பக்கமா விழுறான். அண்டைக்கு நாங்கள் படிக்கேல்லை. 'ஆர் இவர்?' எண்டு தேடத் தொடங்கினம்.

முதலில அவர் செய்த வேலையைச் சொல்ல வேணும். றக்பி யூனியனில ஒரு அணிக்குப் பதினைஞ்சு பேர். ஒண்டு முதல் எட்டு வரைக்கும் இலக்கம் போட்டவை 'ஃபோர்வேட்' எண்டு அழைக்கப்படுற முன்வரிசைக்காரர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிப் புள்ளி எடுக்கிற புகழ் பெரும்பாலும் பின்வரிசைக்காரருக்குத்தான். முன்வரிசைக்காரர் ஸ்க்ரமில குனிஞ்சு தள்ளுவினம், விழுந்து கிடக்கிற உடம்புகளுக்கு மேல பந்துக்காகச் சண்டை பிடிப்பினம், எழும்புவினம், திரும்பவும் விழுவினம். கொலின்ஸின் இலக்கம் ஆறு. எதிரணி எங்க உடைச்சுக்கொண்டு வருதோ அங்க போய்த் தன்ர உடம்பை வைக்கிறதுதான் ஆறாம் இலக்கக்காரரின் பிரதான வேலை. புள்ளிப் பலகையில பேர் வராத வேலை அது. கூலிவேலை எண்டு சொன்னாலும் பிழையில்லை.

கொலின்ஸ் 1980 நவம்பர் 4ஆம் திகதி அபியாவில பிறந்தவர். சமோவாவின் தலைநகரம் அது. அந்த நேரம் நாட்டின்ர பேர் மேற்குச் சமோவா. வளர்ந்தது நியூசிலாந்தில, வெலிங்டனுக்குப் பக்கத்தில இருக்கிற பொரிருவாவில. பசிபிக் தீவுகளில இருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் நிறைஞ்ச ஊர்.

இந்த இடப்பெயர்வுக்குப் பின்னால ஒரு நீண்ட கதை இருக்கு. 1914இல நியூசிலாந்துப் படை ஜேர்மனியிட்ட இருந்து சமோவாவைப் பிடிச்சது. 1918இல 'டலூன்' எண்ட கப்பல் இன்புளுவென்சாவோட ஒக்லாந்தில இருந்து அபியாவுக்கு வந்தது. நியூசிலாந்து நிர்வாகம் கப்பலைத் தனிமைப்படுத்தேல்லை. சமோவாவின் சனத்தொகையில ஏறத்தாழ ஐந்தில ஒரு பங்கு செத்துப்போச்சுது. 1929 டிசம்பர் 28 அன்று, சுதந்திரம் கேட்டு அமைதியா ஊர்வலம் போன மாவு இயக்கத்தார் மேல அபியா வீதியில பொலிஸ் சுட்டது. தலைவர் துபுவா தமசேசே லியலோஃபியும் அதில இறந்தார். 1962இல சுதந்திரம் வந்தது. பிறகு நியூசிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட, சமோவாக்காரரைக் கூப்பிட்டினம். 1970களில பொருளாதாரம் விழ, விசா முடிஞ்சவையைப் பிடிக்க விடியப்புறம் வீடுகளுக்குள்ள பொலிஸ் புகுந்தது. பசிபிக் தீவுக்காரரைக் குறிவைச்ச அந்தச் சுற்றிவளைப்புகளுக்கு நியூசிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2021இலதான். விடியப்புறம் கதவு தட்டுப்படுறது எப்பிடியான சத்தம் எண்டு எங்கட அம்மாமாருக்குத் தெரியும். அதுக்கு மேல நாங்கள் ஒப்பிடேல்லை.

அந்த நாட்டுக்கு அந்தத் தீவுக்காரரின் பலம் மட்டும் எப்பவும் வேண்டியிருந்தது. 1970இல ஓல் பிளாக்ஸ் அணி நிறவெறித் தென்னாபிரிக்காவுக்குப் போனபோது, சமோவா வம்சாவளி பிறையன் வில்லியம்ஸும் மாவோரி வீரர்களும் 'கௌரவ வெள்ளையர்' எண்ட அந்தஸ்தோடதான் அங்க விளையாட அனுமதிக்கப்பட்டினம். கறுப்பு உடுப்புப் போட்டு விளையாட, வெள்ளையெண்டு எழுதித் தர வேண்டியிருந்தது!

கொலின்ஸின் ஏற்றம் வேகமானது. 1999இல 19 வயதுக்குட்பட்டோருக்கான உலகப் போட்டியில நியூசிலாந்து வென்றது. போட்டியின் சிறந்த வீரர் அவர். 2001இல, இருபது வயசில, ஆர்ஜென்டினாவுக்கு எதிரா ஓல் பிளாக்ஸ் அணிக்கு முதல்தடவை விளையாடினார். அந்த நாட்களில அவர் பார்த்த வேலை குப்பை அள்ளுறது. உலகத்தின் மிகப் பிரபலமான றக்பி அணிக்குத் தெரிவானவர், வெலிங்டன் வீதிகளில குப்பை வண்டிக்குப் பின்னால ஓடினவர். அவரைப் பற்றி எழுதிற எல்லாரும் இதை ஒரு அதிசயம் மாதிரி எழுதுவினம். எங்களுக்கு அதில அதிசயம் தெரியேல்லை. பொரிருவாவில பாரம் தூக்கிற பெடியள் கனபேர். அதில ஒருத்தனுக்கு மட்டும் அந்தப் பாரத்துக்குக் கைதட்டல் கிடைச்சுது.

2003 யூன், ஹமில்டன். வேல்ஸ் அணியின் கொலின் சார்விஸ் பந்தோட வர, கொலின்ஸ் அடிச்ச டேக்கிளில சார்விஸ் நினைவிழந்து விழுந்தார். ஆட்டம் ஓடிக்கொண்டிருக்குது. கொலின்ஸின் அணிக்காரரும் உறவுக்காரருமான தானா உமாகா ஆட்டத்தை விட்டுப்போட்டு வந்து, சார்விஸின் வாயில இருந்த பற்காப்பை எடுத்து, மூச்சு அடைபடாத மாதிரி அவரைப் பக்கவாட்டில திருப்பினார். அதுக்காக உமாகாவுக்குப் பிறகு பியர் டி குபேர்ட்டின் பெயரிலான நேர்மை விருது கிடைச்சுது. ஒரே சமோவாக் குடும்பத்து இரண்டு பேர்: ஒருத்தர் விழுத்தினார், மற்றவர் காப்பாற்றினார். இரண்டுமே அவையின்ர வேலைக்குள்ள அடங்குது எண்டு எங்களில ஒருத்தி சொன்னாள். அது சரியெண்டுதான் படுது.

2006இல ஆர்ஜென்டினாவில ஓல் பிளாக்ஸுக்குத் தலைவரா இறங்கினார். மொத்தம் 48 டெஸ்ட் ஆட்டங்கள். 2007 ஒக்ரோபர் 6, கார்டிஃப். உலகக் கிண்ணக் காலிறுதியில பிரான்ஸிட்ட 18–20 எண்டு நியூசிலாந்து தோற்றது. நாட்டில துக்கம் கொண்டாடாத குறை.

இனித்தான் எங்களுக்குப் பிடிச்ச பகுதி. தோற்ற கையோட கொலின்ஸ் ஊருக்குப் போகேல்லை. இங்கிலாந்தின் டெவொனில விடுமுறையில நிண்டார். பார்ன்ஸ்டபிள் எண்ட சின்ன நகரத்தின் றக்பிக் கழகத்தோட சிநேகிதமாகி, அங்கத்தைய சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி குடுத்தார். பிறகு ஒரு சனிக்கிழமை அந்தக் கழகத்தின் இரண்டாம் அணிக்கு விளையாடினார். முதலாம் அணி கூட இல்லை! எதிரணியில வார நாளில வேலைக்குப் போய் வாற சாதாரண ஆக்கள். கொஞ்ச நாளால, டிசம்பர் 1, ட்விக்கன்ஹாமில, உலகக் கிண்ணம் வென்ற தென்னாபிரிக்காவுக்கு எதிரா பார்பேரியன்ஸ் அணிக்கு விளையாடினார். பார்பேரியன்ஸில ஒரு வழக்கம் உண்டு: உடுப்பு ஒண்டு, ஆனால் காலுறை அவரவர் சொந்தக் கழகத்தினது. கொலின்ஸ் போட்டுக்கொண்டு வந்தது பார்ன்ஸ்டபிள் காலுறை.

ஏன் அந்தக் காலுறை எங்களை இவ்வளவு பிடிச்சு வைச்சிருக்குது? மற்ற எல்லா உடுப்பையும் அவருக்கு ஆரோ தெரிவு செய்து குடுத்தினம். தெரிவுக்குழு, ஒப்பந்தம், சட்டம். இந்த ஒரு சோடி மட்டும் அவர் தானே தெரிவு செய்தது. 'நான் இவையின்ர ஆள்' எண்டு ஒரு மனுசன் தன்ர வாயால, இல்லை, தன்ர காலால சொன்ன தருணம் அது.

2008இல, 27 வயசில, உச்சத்தில இருக்கேக்கயே நியூசிலாந்து றக்பியை விட்டுப்போட்டு பிரான்ஸின் தூலோன் கழகத்துக்குப் போனார். இங்க ஒரு சட்டச் சிக்கலை விளங்கிக்கொள்ள வேணும். வெளிநாட்டில விளையாடுறவரை ஓல் பிளாக்ஸுக்கு எடுக்கிறதில்லை. மற்றப் பக்கம், ஒரு நாட்டுக்கு விளையாடினவர் வேறொரு நாட்டுக்கு விளையாட அப்ப ஏலாமல் இருந்தது. முந்தி அப்பிடி இல்லை. மைக்கல் ஜோன்ஸ் 1986இல மேற்குச் சமோவாவுக்கு விளையாடிப்போட்டுத்தான் ஓல் பிளாக்ஸ் நட்சத்திரமானவர். கொலின்ஸ் காலத்தில அந்தக் கதவு பூட்டியாச்சுது. ஆக, அபியாவில பிறந்து வெலிங்டனில வளர்ந்த, இன்னும் பலமா இருக்கிற 27 வயசுக்காரனுக்கு உலகத்தில எந்த நாட்டு உடுப்பும் இல்லை. இனிச் சம்பளம் தாற கழகத்தின் உடுப்பு மட்டும்தான்.

பசிபிக் வீரர்கள் ஏன் ஐரோப்பாவுக்குப் போகினம் எண்டு கேட்கிறது லேசு. சமோவாவில 'ஐங்கா' எண்டால் குடும்பம். ஆனால் நாலு பேர் குடும்பமில்லை, சித்தப்பா, மாமி, சபை, கிராமம் எல்லாம் சேர்ந்தது. செத்த வீடு, கல்யாணம், கோயில் கட்டுறது எல்லாத்துக்கும் வெளியில இருக்கிறவன் அனுப்ப வேணும். வெளிநாட்டுக் காசில கட்டின வீடுகளுக்குள்ள படிச்சு வளர்ந்த எங்களுக்கு இதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தூலோனுக்குப் பிறகு வேல்ஸின் ஒஸ்ப்ரேஸ், பிறகு ஜப்பானின் யமஹா. 2013 மார்ச்சில ஜப்பானின் ஹமமட்சு நகரத்துக் கடையொண்டில கத்தி வைச்சிருந்ததுக்காகக் கைதானார். தன்னைக் கொல்ல ஆக்கள் தேடித்திரியினம் எண்ட பயத்தில எடுத்துக்கொண்டு போனதாப் பொலிசிட்டச் சொன்னார் எண்டு செய்திகள் வந்தது. பயப்பிடுத்திறதுதான் தொழிலா இருந்த ஒருத்தர் பயந்து போய் நிண்ட அந்த நாளை, அவரின்ர டேக்கிள் தொகுப்பு ஒண்டிலயும் காணேலாது.

2015 தொடக்கத்தில பிரான்ஸின் இரண்டாம் பிரிவுக் கழகமான நார்போனுக்கு வந்தார். யூன் 5 விடியப்புறம், பெசியேவுக்குப் பக்கத்தில நெடுஞ்சாலையில, அவரின்ர கார் மேல பஸ் ஒண்டு மோதியது. அவரும் துணைவியும் அந்த இடத்திலயே இறந்தினம். சில மாதக் குழந்தையான மகள் படுகாயத்தோட உயிர் தப்பினாள். அவருக்கு வயசு 34. உடலைப் பொரிருவாவுக்குக் கொண்டு போச்சினம்.

அவர் செத்து ஒரு மாதத்தில, 2015 யூலை 8, ஓல் பிளாக்ஸ் அபியாவில விளையாடினது. பல தசாப்தங்களா சமோவாப் பெடியளை எடுத்து விளையாட வைச்ச அந்த அணி, சமோவா மண்ணில ஆடின முதலாவது டெஸ்ட் அதுதான். 25–16, நியூசிலாந்துக்கு வெற்றி. கொலின்ஸ் பிறந்த ஊரில, அவரின்ர அணி. அவர் இல்லை.

2022இல சட்டம் மாறினது. மூண்டு வருசம் சர்வதேச ஆட்டம் ஆடாமல் இருந்தால், பிறந்த நாட்டுக்கோ பெற்றோர், பாட்டன் பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒருக்கா மாறலாம். 2023 உலகக் கிண்ணத்தில முன்னாள் ஓல் பிளாக்ஸ் வீரர்களான லீமா சொபோஆகாவும் சார்லி ஃபௌமுயினாவும் சமோவாவின் நீல உடுப்போட இறங்கினம். அதைப் பார்க்கேக்க எங்களுக்கு ஒரு கணக்கு ஓடினது: கொலின்ஸ் கடைசியா ஓல் பிளாக்ஸுக்கு ஆடினது 2007. இந்தச் சட்டம் அப்பவே இருந்திருந்தால் 2011 உலகக் கிண்ணத்துக்கு அவருக்கு முப்பது வயசு. ஆறாம் இலக்கத்தோட, நீலத்தில, பிறந்த நாட்டுக்கு.

பட்டம் முடிய எங்களில பாதிப் பேர் எங்கயோ போயிடுவம். எங்களுக்கும் ஆரோ உடுப்புத் தருவினம். போட்டுக்கொண்டு வேலை செய்வம், வீட்டுக்கு அனுப்புவம். அதில வெட்கப்பட ஒண்டுமில்லை. ஆனால் காலுறையை மட்டும் நாங்களே தெரிவு செய்ய வேணும் எண்டு நினைக்கிறம்.