அரச பாதையும் அடைத்த வேலியும்

அம்மான் நகரில் பணிபுரியும் எங்கள் மகன், "உங்கள் இருவருக்கும் காலில் வலு இருக்கும்போதே வந்து இந்த நாட்டைப் பார்த்துவிடுங்கள்" என்று பல முறை அழைத்தும் நாங்கள் தட்டிக் கழித்தே வந்தோம். ஒருவழியாக, ஒரு தவக்காலத்தில் புறப்பட்டுச் சென்றோம். விவிலியத்தில் பெயரளவில் அறிந்திருந்த மலைகளையும் பள்ளத்தாக்குகளையும் நான்கு நாட்கள் காரில் சென்று கண்டோம். கண்ட காட்சிகளோடு, நாங்கள் தேடிச் செல்லாத ஒன்றும் அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்தது. அதையே இங்கு எழுதுகிறோம்.

அம்மானிலிருந்து தெற்கே செல்லப் பாலைவன நெடுஞ்சாலை என்று ஒன்று உண்டு. அது நேரானது, விரைவானது. மற்றொன்று மலைமுகடுகளில் ஏறி இறங்கி வளைந்து செல்லும் பழைய வழி. அதற்குப் பெயர் 'அரச பாதை'. விவிலிய காலத்திலேயே வணிகரும் படைகளும் நடந்த தடம் அது. உரோமைப் பேரரசர் திராயான் கி.பி. 111க்கும் 114க்கும் இடையில் அதனைப் பெருஞ்சாலையாக அமைத்தார். போகும்போது அரச பாதை, திரும்பும்போது பாலைவனச் சாலை என்று முடிவு செய்தோம். வண்டி நிற்கும் இடந்தோறும் அவ்விடத்துக்குரிய விவிலியப் பகுதியை வாசிப்பது என்பதும் எங்கள் ஏற்பாடு.

முதலில் மாதபா என்னும் ஊரில் புனித ஜார்ஜ் ஆலயத்தினுள் நுழைந்தோம். அதன் தரையில் வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த திருநாட்டின் வரைபடம் இருக்கிறது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. யோர்தான் ஆற்றில் நீந்திவரும் மீன் ஒன்று, சாக்கடலின் உப்புக்கு அஞ்சித் திரும்பி ஓடுவதுபோல் அதில் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கைவினைஞரின் குறும்பை எண்ணி நெடுநேரம் மகிழ்ந்து நின்றோம்.

அங்கிருந்து சிறிது தொலைவில் நெபோ மலை. வாக்களிக்கப்பட்ட நாட்டை மோசே கண்ணால் கண்டு, காலால் மிதிக்காமலே இறந்த இடம். 2000ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து சென்றார். பிரான்சிஸ்கன் துறவிகள் காத்துவரும் அந்த ஆலயத்தின் முன், சிலுவையில் சுற்றிய வெண்கலப் பாம்பின் உருவம் உயர்ந்து நிற்கிறது. கீழே சாக்கடல் வெள்ளித் தகடுபோல் கிடந்தது. புகைமூட்டத்தால் எருசலேம் தெரியவில்லை. வெண்கலப் பாம்பைப் படம் எடுத்துக்கொண்டோமே தவிர, அதைப் பற்றி அப்போது அதிகம் சிந்திக்கவில்லை.

தெற்கே செல்லச் செல்ல நிலம் திடீரெனப் பிளந்து கிடந்தது. அதுவே அர்னோன் பள்ளத்தாக்கு. இன்று முஜிப் என்கிறார்கள். எதிர்க்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் சாலையோ வளைந்து வளைந்து அடிவரை இறங்கி, அங்குள்ள அணையைக் கடந்து, மறுபடியும் வளைந்து வளைந்து ஏறியது. "பறவைக்கு ஒரு நொடி, நமக்கு ஒரு பொழுது" என்று சொல்லிச் சிரித்தோம். அந்த இரவைக் கராக் ஊரில் கழித்தோம். சிலுவைப் போர் வீரர்கள் 1142இல் கட்டத் தொடங்கி, 1188இல் சலாதீன் படைகளிடம் இழந்த கோட்டை அங்கு மலையுச்சியில் நிற்கிறது.

மறுநாள் காலை மற்றொரு பெரும் பள்ளத்தாக்கின் விளிம்பில் வண்டி நின்றது. வாடி ஹசா என்பது அதன் பெயர். அதற்கு வடக்கே மோவாபு, தெற்கே ஏதோம். ஏதோமியர் ஏசாவின் வழிவந்தவர். இஸ்ரயேலர் அவருடைய தம்பி யாக்கோபின் வழிவந்தவர். எண்ணிக்கை நூலின் இருபதாம் அதிகாரத்தை வாசித்தோம். மோசே ஏதோம் அரசனிடம் தூதரை அனுப்புகிறார். 'உம் சகோதரனாகிய இஸ்ரயேல்' என்று சொல்லி வழி கேட்கிறார். வயலிலும் திராட்சைத் தோட்டத்திலும் இறங்க மாட்டோம், அரச பாதையிலேயே நடந்து செல்வோம், தண்ணீர் குடித்தால் அதற்கும் விலை தருவோம் என்கிறார். ஏதோம் மறுக்கிறான், படையோடு எதிர்த்து வருகிறான். இஸ்ரயேலர் சுற்றி வேறு வழியே போகிறார்கள்.

வாசித்து முடித்ததும் மகன் மெதுவாகக் கேட்டான்: "அப்பா, பெரியப்பா இப்போது எந்த வழியாகத் தோப்புக்குப் போகிறார்?"

எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

ஊரில் எங்கள் தோட்டத்துக்குப் பின்னால் அண்ணனின் தென்னந்தோப்பு இருக்கிறது. தந்தையார் காலம் முதல் எங்கள் வரப்பு வழியே சென்றுதான் அவர் தோப்பை அடைவார். பாகப் பிரிவினையில் எழுந்த ஒரு சொல்லின் பொருட்டு, எட்டு ஆண்டுகளுக்கு முன் அங்கே முள்வேலி இட்டுப் படலுக்குப் பூட்டும் போட்டோம். அவர் ஆள் அனுப்பி, வழிக்குப் பணம் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். நாங்கள் இசையவில்லை. அன்றுமுதல் எழுபது வயதைக் கடந்த அவர், வாய்க்கால் கரையைச் சுற்றிப் போகிறார். சட்டம் எங்கள் பக்கம் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஏதோம் அரசனும் தன் எல்லையைத்தானே காத்தான்!

தபீலா என்னும் மலையூரைத் தாண்டி, சாலையோரக் கடை ஒன்றில் நின்றோம். முதியவர் ஒருவர் நறுமண இலையிட்ட தேநீர் கொடுத்தார். மகன் காசை நீட்டியபோது, நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்து மறுத்துவிட்டார். விலைக்கும் தண்ணீர் கிடைக்காத அதே ஏதோம் மண்ணில், மொழி அறியாத அயலார்க்கு விலையின்றித் தேநீர் கிடைத்தது. அது இனிப்பாகவே இருந்தது. எங்களுக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை.

பெட்ராவைப் பற்றி எவ்வளவோ எழுதலாம். இரு பக்கமும் செங்குத்தாக உயர்ந்த பாறைகளின் இடுக்கில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தோம். நபத்தேயர் அந்தப் பாறைச் சுவரிலேயே வாய்க்கால் வெட்டி, சுடுமண் குழாய்கள் பதித்து, வறண்ட நகருக்குத் தண்ணீர் கொண்டுசென்றிருக்கிறார்கள். இடுக்கு முடியும் இடத்தில், ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்துக்குப் பாறையில் குடைந்த செந்நிற மாளிகை முகப்பு கண்முன் எழுகிறது. ஒரு கணம் பேச்சற்று நின்றோம்.

ஆயினும் எங்கள் மனத்தில் தங்கியது தொலைவில் ஒரு மலையுச்சியில் தெரிந்த சிறு வெண்ணிறக் கட்டடம். ஆரோனின் கல்லறை அங்கிருப்பதாக மரபு. ஏதோம் வழி மறுத்த செய்தியை அடுத்தே ஆரோனின் இறப்பு எழுதப்பட்டிருக்கிறது. அதற்கடுத்த அதிகாரத்தில், ஏதோமைச் சுற்றிப் போகும் நீண்ட வழியில் மக்கள் பொறுமை இழக்கிறார்கள், முறுமுறுக்கிறார்கள், பாம்புகள் கடிக்கின்றன, வெண்கலப் பாம்பு உயர்த்தப்படுகிறது. நெபோவில் நாங்கள் படம் எடுத்த பாம்பின் கதை அப்போதுதான் விளங்கிற்று. அந்த மக்கள் செய்த பாவம் அவர்களுடையதே. ஆனால் அவர்களை அந்த நெடுவழியில் நடக்க வைத்தது ஒரு சகோதரனின் மறுப்பு.

கடைசி இரவு வாடி ரம் பாலைவனத்தில் தங்கினோம். சிவந்த மணல்வெளியில் கப்பல்களைப்போல் மலைகள் நின்றன. அங்கே சுவரும் இல்லை, வேலியும் இல்லை. தலைக்குமேல் எண்ணற்ற விண்மீன்கள். அந்த அமைதியில் மூவரும் செபமாலை சொன்னோம். முடிந்தபின், "ஊருக்குப் போனதும் பூட்டை எடுத்துவிடுகிறோம்" என்று மகனிடம் சொன்னோம். அவன் ஒன்றும் பேசாமல் எங்கள் கைகளைப் பற்றிக்கொண்டான்.

ஊர் வந்த மறுநாளே பூட்டைக் கழற்றிப் படலைத் திறந்துவைத்தோம். அண்ணன் வரவில்லை. எட்டு ஆண்டுப் புண் ஒரு நாளில் ஆறாது என்பதை உணர்ந்தோம். நான்காம் நாள் அவர் வீட்டுக்கே சென்று, "அண்ணே, எங்கள்மேல்தான் தவறு" என்று சொன்னோம். அவர் உட்காரச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பத்தாம் நாள் காலை, பனி படிந்த எங்கள் வரப்பில் தோப்பை நோக்கிச் சென்ற செருப்புத் தடம் கண்டோம். ஆலயத்துக்குச் சென்று முழந்தாளிட்டு நன்றி கூறினோம்.

வாசகர்களே, ஏசாவின் மக்கள் வழி மறுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அதற்கு வெகுகாலத்துக்கு முன், தன்னை ஏமாற்றிய தம்பி திரும்பி வந்தபோது ஓடிச்சென்று கட்டித் தழுவி அழுதவரும் அதே ஏசாதான். இரண்டு வழிகளும் ஒரே குடும்பத்தின் வரலாற்றில் இருக்கின்றன. நம் வீட்டுப் படல் திறந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.