சூட்டோட கொண்டு வாங்க சேர்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பிரயோசனப்படும். மீதிப் பாதி முதலில் எனக்கு.

எங்களிடம் இருப்பது 1988ஆம் ஆண்டு ஜப்பான் கார். வாப்பா வாங்கியது. காபரேட்டர் எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு விலை ஏறிய ஏற்றத்தில், ஆசிரியர் சம்பளத்தில் வேறு கார் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத்தான் பார்த்துப் பார்த்து ஓட்ட வேண்டும்.

போன வருடம் அதற்கு ஒரு வருத்தம் வந்தது. காலையில் திறப்பைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். எவ்வளவு தூரமும் ஓடும். ஆனால் ஓடிச் சூடான பிறகு நிறுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால், செல்ஃப் நன்றாகச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

ஊரில் வாப்பா காலத்திலிருந்து எங்கள் வாகனத்தைப் பார்க்கும் மெக்கானிக் காக்கா ஒருவர் இருக்கிறார். பாடசாலைக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்குக் காரை அவரிடம் விடுவேன், இரண்டு மணிக்கு வந்து எடுப்பேன். அவர் பகலில் எத்தனை தரம் அடித்துப் பார்த்தாலும் ஸ்டார்ட் ஆகும். ஆகாமல் என்ன செய்யும்? நாள் முழுக்க நிழலில் ஆறிக் கிடக்கிற வாகனம்.

"சேர், ஆறின வாகனத்தில வருத்தம் தெரியாது. ஒரு நாளைக்கு ஓடிட்டு சூட்டோட கொண்டு வாங்க. என்னோட ஒரு மணித்தியாலம் நில்லுங்க" என்று முதல் நாளே சொன்னார்.

எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நான் கொடுக்கவில்லை. "எதையாவது மாத்தித் தாங்க காக்கா, அவசரம்" என்றேன். முதலில் நானாகவே பெட்டரியை மாற்றினேன். பிறகு பிளக்குகளும் பிளக் வயரும். பிறகு காபரேட்டர் கழற்றிக் கழுவினார். கடைசியாகப் பெற்றோல் பம்ப். ஒன்றிலும் சுகமில்லை.

நான்காவது தடவை, அவருடைய உதவிப் பையன்கள் இருவருக்கு முன்னால் வைத்து, "தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லுங்க, இப்படிக் கள்ளக் கணக்குப் போடாதீங்க" என்று கத்திவிட்டு வந்தேன். அந்த இருவரில் ஒருவன் என்னிடம் பத்தாம் ஆண்டில் விஞ்ஞானம் படித்தவன். தலையைக் குனிந்துகொண்டான்.

அதோடு விட்டேனா? அடுத்த நாள் அஸருக்குப் பிறகு தேநீர்க் கடையில் நாலு பேரிடம் அதையே சொன்னேன்.

இரண்டு மாதம் கழிந்தது. உம்மாவுக்கு சீனி வருத்தம். மட்டக்களப்பில் கிளினிக். கல்முனையிலிருந்து நாற்பது கிலோமீற்றர் அளவுதான். திரும்பி வரும்போது களுவாஞ்சிகுடியில் மருந்து வாங்க நிறுத்தினேன். பத்து நிமிடம்தான். வந்து அடித்தால் பிடிக்கவில்லை. நேரம் ஒன்றரை மணி, உச்சி வெயில். உம்மா காலையில் சாப்பிட்டது, ஊசியும் போட்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கி வியர்க்கத் தொடங்கியது. பக்கத்துக் கடை அக்கா கண்டுவிட்டு, கதிரை கொண்டு வந்து நிழலில் இருத்தி, சீனி கூடப் போட்டு ஒரு பிளேன்ரீ கொடுத்தா. அல்ஹம்துலில்லாஹ், தெளிந்துவிட்டார். அந்த அக்காவுக்கு அல்லாஹ் நலவு நாடட்டும்.

உம்மா தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி: "வாப்பாட மெக்கானிக்கிட்ட ஏன் மகன் காட்டல்ல?"

அந்தச் சனிக்கிழமை மருதமுனைப் பக்கம் நாற்பது நிமிடம் ஓடிவிட்டு, சூட்டோடு நேராகக் காக்காவின் கராஜுக்குப் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "நிப்பாட்டுங்க. பொனட்டைத் திறக்க வேணாம். வாங்க, டீ குடிப்பம்" என்றார். கால் மணித்தியாலம் கழித்து அடிக்கச் சொன்னார். செல்ஃப் சுற்றியது, பிடிக்கவில்லை. அவர் முகத்தில் சிரிப்பு. "இப்பதான் சேர் வருத்தக்காரன் வந்திரிக்கான்."

அதற்குப் பிறகு அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். யாருக்காவது உதவும்.

முதலாவது, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். டக் என்ற சத்தத்தோடு நின்றாலோ, இழுத்து இழுத்துச் சுற்றினாலோ பெட்டரி, ஏர்த் வயர், செல்ஃப் மோட்டர் பக்கம் தேட வேண்டும். எங்களுடையது வேகமாகச் சுற்றியது. அப்படியென்றால் நான் மாற்றிய பெட்டரி வீண்.

இரண்டாவது, பெற்றோல். எயார் கிளீனரைக் கழற்றி, எக்ஸலேட்டர் கம்பியை இழுத்துக் காபரேட்டருக்குள் பார்த்தார். பெற்றோல் பீய்ச்சியது. பீய்ச்சாவிட்டால் சூட்டில் பெற்றோல் ஆவியாகி லைனில் அடைத்திருக்கலாம். மாறாக, பெற்றோல் மணம் மூக்கைத் துளைத்தால், கிண்ணத்தில் கொதித்து எஞ்சினுக்குள் கூடுதலாக வழிந்திருக்கலாம். அப்போது எக்ஸலேட்டரை அடி வரைக்கும் மிதித்து அப்படியே வைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். விட்டு விட்டு மிதிக்கக் கூடாது. எங்களுடையது இரண்டுமில்லை.

மூன்றாவது, பொறி. எயார் கிளீனரைத் திரும்பப் பூட்டி, பெற்றோல் ஈரம் காய விட்டார். ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் படும்படி வைத்து, வெறுங்கையால் பிடிக்காமல் தள்ளி நின்று, பையனை அடிக்கச் சொன்னார். நல்ல நீலப் பொறி வர வேண்டும். வந்தது மெல்லிய மஞ்சள். சில தரம் அதுவுமில்லை.

நான்காவது வேலையைத்தான் நான் மறக்க மாட்டேன். திறப்பை ஓஃப் பண்ணி, ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து, இக்னீஷன் கொயிலின் உடம்பில் மட்டும், வயர் முனைகளில் படாமல் சுற்றினார். ஐந்து நிமிடம். துணியை எடுத்துவிட்டு "அடிங்க சேர்" என்றார். முதல் அடியிலேயே ஸ்டார்ட்.

வேறு எதையும் தொடவில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்த்தார். பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிறவன் நான். மாற்றச் சொல்லி நச்சரித்தவனும் நான்தான்.

பழைய கொயிலை வீட்டுக்குக் கொண்டு வந்து மீட்டர் வைத்தேன். ஆறியிருக்கும்போது உள்ளே இரண்டாம் சுருள் 11 கிலோ ஓம் காட்டியது. வெயிலில் தகரத்தின் மேல் வைத்துச் சுடவிட்டுப் பார்த்தால் மீட்டர் அசையவேயில்லை. செம்புக்குச் சூடேறினால் தடை கூடும், பத்துப் பாகைக்குச் சுமார் 4 வீதம். ஆனால் இது அந்தக் கணக்கல்ல. உள்ளே கம்பி எங்கோ அறுந்து, ஆறும்போது தொட்டுக்கொண்டும் சூட்டில் விரிந்து விலகியும் இருந்திருக்கிறது. ஓடும்போது ஏன் நிற்கவில்லை என்றால், காற்றும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டைக் கொண்டு போய்க்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். எஞ்சினின் சூடு முழுவதும் பொனட்டுக்குள் ஏறும். நிறுத்திய பிறகுதான் கொயில் அதிகம் சூடாகிறது.

புதுக் கொயில் பூட்ட இருபது நிமிடம் எடுத்தது.

காசு கொடுக்கும்போது, அதே இரண்டு பையன்களும் நிற்கும்போதே, மாப்புக் கேட்டேன். அவர்களுக்கு முன்னால்தானே சொன்னேன். காக்கா கையைத் துடைத்துக்கொண்டே, "சூட்டில வந்த வார்த்தைய நான் கணக்கெடுக்கல்ல சேர்" என்றார்.

கராஜில் சொன்னது சூட்டில்தான். தேநீர்க் கடையில் சொன்னது ஆறிய பிறகு. அதை அவரிடம் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு அதே கடைக்குப் போய், பிழை என்னுடையது, அவர் முதல் நாளே சரியாகச் சொன்னார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். ஒருவர் சொன்னார்: "நீங்க செல்லித்தானே சேர் நான் என்ட வேனை வேற இடத்துக்குக் குடுத்தன்."

அவர் மாத வாடிக்கை. இரண்டு மாதமாக அந்த வருமானம் ஒரு குடும்பத்துக்குப் போகவில்லை. அடியார்களின் ஹக்கை அந்த அடியான் மன்னித்தாலே ஒழிய மன்னிப்பில்லை என்று பயானில் எத்தனை தரம் கேட்டிருப்போம். அடுத்த நாளே திரும்பப் போய் அதையும் காக்காவிடம் சொன்னேன். இந்த முறை அவர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி சேர்" என்றார். அவ்வளவுதான்.

கார் இப்போது வெயிலிலும் முதல் அடியில் ஸ்டார்ட் ஆகிறது. அந்த வேன் இன்னும் அவரிடம் திரும்பி வரவில்லை. அதன் சொந்தக்காரரிடம் இரண்டு தரம் பேசிவிட்டேன், இன்ஷா அல்லாஹ் இன்னும் பேசுவேன்.

எங்களுக்காகத் துஆச் செய்யுங்கள். வாகனத்தில் வருத்தம் என்றால், மெக்கானிக் கேட்கிற அந்த ஒரு மணித்தியாலத்தைக் கொடுங்கள்.