மூணு பேருக்கு ஒரு சுருதி

"உனக்கு ஒரு பட்டன். எனக்கு நாலு கம்பி. அவளுக்கு வேற குழல். இதுல யாருடா அட்ஜஸ்ட் பண்ணணும்?"

எடமலைப்பட்டி புதூரில் எங்க வீட்டு மொட்டைமாடியில், தேர்ட் இயர் படிக்கும்போது என் நண்பன் கேட்ட கேள்வி இது. அவன் வயலின், ஸ்ரீரங்கத்துக்காரன். எங்க டிபார்ட்மென்ட் தோழி புல்லாங்குழல், உறையூர்க்காரி. நான் கீபோர்டு. கல்ச்சுரல்ஸுக்காக மூணு பேரும் சேர்ந்து வாசிக்க ஆரம்பித்து நாலு மாசம் ஆகியிருந்தது.

சண்டை சுருதியைப் பற்றி. நான் எட்டு வருஷம் கிரேடு எக்ஸாமுக்குப் படித்தவன். 'சி' கட்டையை அழுத்தினால் 'சி' கேட்க வேண்டும், இல்லையென்றால் என் காது குழம்பும். அதனால் எல்லாரும் 1 கட்டைக்கு வரணும் என்று சொல்லிவிட்டேன். அவளிடம் இருந்ததோ 5 கட்டைக் குழல். குழலை முறுக்கி சுருதி மாற்ற முடியாது. வேற கட்டை வேண்டுமென்றால் வேற குழல்தான் வாங்கணும். தாழ்ந்த 1 கட்டைக் குழல் நல்ல நீளம். துளைகள் தள்ளித் தள்ளி இருக்கும், அவள் விரல் எட்டவில்லை. 1 கட்டைக்கு இறக்கினால் வயலின் கம்பி தொய்ந்து போய், வில் போட்டதும் கரகரவென்றது. என் கீபோர்டில் மட்டும் 'ட்ரான்ஸ்போஸ்' என்று ஒரு பட்டன். அதை அஞ்சு தடவை அழுத்தினால் போதும், வேலை முடிந்தது.

அந்தப் பட்டனை நான் அழுத்தவே இல்லை. ஏனென்றால் மனசுக்குள் நான் மெயின். அவங்க ரெண்டு பேரும் பக்கவாத்தியம். இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அவங்களுக்குத் தெரிந்திருந்தது.

அன்றைக்கு ராத்திரி அவன் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய கச்சேரியின் லிங்க் அனுப்பினான். கூடவே ஒரு வரி: "இதுல மெயின் யாருன்னு கண்டுபிடி."

வயலின் லால்குடி ஜெயராமன், புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கடராமன். வயலின்-வேணு-வீணை என்று பேர். 1966-ல் லால்குடி தொடங்கிய சேர்க்கை இது. நம்ம ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறினால், டவுன், ஸ்ரீரங்கம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் அந்த லால்குடிதான்.

ஒரு மணி நேரம் கேட்டேன். மெயின் யாரென்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம்தான் யோசித்தேன். கர்நாடகக் கச்சேரி மேடையில் வயலினுக்கு வழக்கமான இடம் பாடகரின் பக்கத்தில். பாடினதைத் தொடர்ந்து போவதுதான் அதன் முதல் வேலை. லால்குடியே 12 வயதில் பக்கவாத்தியமாகத்தான் மேடை ஏறினார். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி ஐயர் என்று பெரியவர்கள் எல்லாருக்கும் வாசித்தவர். இன்னொருத்தருக்கு இடம் விட்டு வாசிக்கத் தெரிந்த அந்த ஆள்தான், மூணு பேரும் சமமாக உட்காரும் ஒரு மேடையை யோசித்தார். அப்போது அவருக்கு வயது 36. ரமணிக்கு 32.

இதில் ஒரு இன்ஜினியரிங் சிக்கலும் இருக்கிறது. வீணைக் கம்பியை மீட்டினால் நாதம் உடனே தேய ஆரம்பித்துவிடும். வயலினில் வில் ஓடுகிற வரைக்கும் நாதம் நிற்கும். குழலில் மூச்சு இருக்கிற வரைக்கும் நிற்கும். மூணுக்கும் மூணு விதமான ஆயுசு. ரெண்டு பேர் கொஞ்சம் அடங்கினால்தான் வீணையின் கமகம் காதில் விழும். அந்த ரெக்கார்டிங்கில் நான் கேட்டது அந்த அடக்கத்தைத்தான். என் கீபோர்டோ, ஸ்ட்ரிங்ஸ் டோனில் வால்யூமை ஏற்றி வைத்துக்கொண்டு, பின்னாடி ரிதமும் ஓட விட்டால், பக்கத்தில் குழல் வாசிக்கிறார்களா இல்லையா என்றே தெரியாது.

மேற்கத்திய இசையிலும் இதே கதை உண்டு. பியானோ, வயலின், செல்லோ மூணும் சேர்ந்தால் பியானோ ட்ரியோ. ஹைடன் எழுதிய ட்ரியோக்களில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடது கை வாசிப்பதையே திருப்பி வாசிக்கும். 1795-ல் பீத்தோவன் தன் 'ஓபஸ் 1' என்று வெளியிட்டது மூன்று பியானோ ட்ரியோக்களைத்தான். அவற்றில் செல்லோவுக்குச் சொந்தமாகப் பேச இடம் கிடைத்தது. ஆக, பியானோக்காரன் அடக்கி வாசிக்கணும் என்பது இருநூறு வருஷத்துக்கும் மேலான பிரச்சினை. நான் மட்டும் புதுசாகத் தப்பு பண்ணவில்லை என்பதில் ஒரு சின்ன ஆறுதல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டனை அழுத்தினேன். டிஸ்ப்ளேயில் மைனஸ் 5. 'சி' கட்டையைத் தொட்டால் 'ஜி' கேட்டது. முதல் ரெண்டு வாரம் தலை சுற்றியது. ஒரு மாயாமாளவகௌளை வரிசையைக்கூட ஒழுங்காக வாசிக்க முடியவில்லை. அவங்க ரெண்டு பேரும் சிரித்தாங்க. ஆனால் கம்பி தொய்யவில்லை, விரலும் எட்டியது. அந்த வருஷம் கல்ச்சுரல்ஸில் எங்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. கீழே இறங்கி வந்ததும் அவள் சொன்னாள்: "இன்னைக்குத்தான்டா ஸ்டேஜ்ல என் குழல் எனக்கே கேட்டுச்சு."

கதை இத்தோடு முடிந்திருந்தால் நல்லா இருந்திருக்கும். ஃபைனல் இயர் வந்தது. அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. அவள் கேட் எக்ஸாமுக்குப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். எனக்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை. அவன் ஆஃபர் லெட்டரைக் காட்டிய அன்றைக்கு வாழ்த்து சொல்லாமல், "அப்போ ட்ரியோ அவ்ளோதானா?" என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கியது. இப்போது நினைத்தால் கூசுகிறது. மறுபடியும் எல்லாரையும் என் கட்டைக்கு இழுக்கப் பார்த்திருக்கிறேன்.

லால்குடியும் ரமணியும் ட்ரியோவுக்காகத் தங்கள் பாதையை விடவில்லை. லால்குடி தனிக்கச்சேரி செய்தார், தில்லானாக்களும் வர்ணங்களும் இயற்றினார். மாமா மாலியிடம் குழல் கற்ற ரமணி, தனியாகவே பெரிய பேர் எடுத்து 1996-ல் சங்கீத கலாநிதி ஆனார். அமெரிக்காவின் போ ஆர்ட்ஸ் ட்ரியோ 1955 முதல் 2008 வரை, 53 வருஷம் வாசித்தது. வயலின்காரர்களும் செல்லோக்காரர்களும் மாறிக்கொண்டே இருந்தார்கள். கடைசிவரை இருந்தவர் பியானோ வாசித்த மெனகெம் பிரஸ்லர் மட்டும்தான். அவரும் கூடவே இண்டியானா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மூணு பேரும் மத்த வேலையெல்லாம் விட்டுவிட்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால்தான் ட்ரியோ என்று நினைத்தது நான்தான். அவரவருக்கு ஒரு வாழ்க்கை இருந்து, அதை மத்த ரெண்டு பேரும் மதித்தால், வாசிக்க உட்காரும்போது கொண்டுவர ஏதாவது இருக்கும்.

மறுநாள் ஸ்ரீரங்கத்துக்கே போய் அவனிடம் சாரி சொன்னேன். "விடு மச்சான், தீபாவளி லீவுக்கு வருவேன்ல" என்றான். கேட் முடிகிறவரைக்கும் அவள் ஞாயிறு ஒரு மணி நேரம்தான் தருவாளாம். அதுவும் போதும்.

என் கீபோர்டில் ஒரு விஷயம். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் ட்ரான்ஸ்போஸ் மறுபடியும் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நேற்று மாற்றியதை அது ஞாபகம் வைத்துக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் வாசிக்க உட்காரும்போது, நானேதான் அஞ்சு தடவை அழுத்தணும்.