கைப்பிடிக்குள் ஒரு கணப்பு

கூடலூரிலிருந்து ஊட்டிக்கு ஏறும் சாலையில், பைக்காராவைத் தாண்டி ஒரு வளைவு. டிசம்பர் மாத விடியல். நடுரோட்டில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன். வலது கையின் விரல்கள் பிரேக் லீவரின் மேல்தான் இருந்தன. ஆனால் அழுத்துகிறேனா, எவ்வளவு அழுத்துகிறேன் என்று ஒன்றும் தெரியவில்லை. விரல் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மரக்குச்சிகள் இருப்பதுபோல் இருந்தது. கால் பிரேக்கை மிதித்துத்தான் வண்டியை நிறுத்தினேன். காட்டெருமைக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற தூரம். அது என்னை ஒருமுறை பார்த்துவிட்டு சோலைக்குள் இறங்கிப் போனது. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றி, என்ஜின் பக்கம் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். உணர்வு திரும்பும்போது வந்த வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

வெப்பமானி 5 டிகிரி காட்டுகிற காலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனின் தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழே உள்ள குளிர். காற்று உடம்புச் சூட்டைத் துடைத்துத் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது. நெஞ்சும் வயிறும் பிழைத்தால் போதும் என்று உடம்பு விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொள்கிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கோ பிரேக்கும் கிளட்சும் அந்த விரல்களில்தான் இருக்கின்றன.

தலைக்குந்தா டீக்கடையில் இரண்டு கைகளாலும் கிளாசைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னபோது, டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், "காந்தள் போற வழியில ஒரு பட்டறை இருக்கு. கைப்பிடியில சூடு வர்ற மாதிரி மாட்டித் தர்றாரு, போய்ப் பாருங்க" என்றார். அப்படித்தான் அங்கே போனேன். ஜனவரியில் என் ஹிமாலயன் பைக்கை எடுத்துக்கொண்டு, வாங்கிய ஹீட்டட் கிரிப் கிட்டையும் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வண்டி நிற்கிற அளவுக்குத்தான் பட்டறை. ஷட்டரைத் தூக்கியதும் உள்ளிருந்து வருகிற குளிர் வெளிக்குளிரைவிடக் கடுமை. ராத்திரி முழுக்க இரும்புக்குள் இறங்கிய குளிர் அது. காலை ஏழு மணிக்கு ஸ்பேனரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்வதுபோல் இருக்கிறது. மேஸ்திரிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டருக்கு மேல் காக்கிச் சட்டை, தலையில் கம்பளிக் குல்லா. கையில் மட்டும் ஒன்றுமில்லை. உறை போட்டுக்கொண்டு நட்டு பிடிக்க முடியாது என்றார்.

கிட்டைப் பிரித்துப் பார்க்கும் முன்பே என் வண்டியைச் சுற்றி வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஹேண்ட்கார்டு எங்க சார்?"

இல்லை என்றேன்.

"சூடு உள்ளங்கைக்குத்தான் வரும். காத்து அடிக்கிறது புறங்கையில. முதல்ல காத்தை நிறுத்தணும், அப்புறம்தான் சூடு."

ஆயிரக்கணக்கில் பணம் போட்டு வாங்கி வந்த பொருளைவிட ஒரு பிளாஸ்டிக் தடுப்புக்கு முதலிடம் தருகிறாரே என்று அப்போது தோன்றியது. அவர் சொன்னதுதான் சரி. பின்னால் ஓட்டிப் பார்த்தபோது புரிந்தது.

கிட்டில் இருந்தவை இவ்வளவுதான்: இரண்டு ரப்பர் கிரிப்புகள், அவற்றின் உட்புறத்தில் புதைந்திருக்கும் சூடேறும் சுருள், ஒரு சுவிட்ச், ஒயர் கட்டு, சின்னக் குப்பியில் பசை. இஸ்திரிப் பெட்டிக்குள் நடப்பதுதான் இதற்குள்ளும். கம்பியில் மின்சாரம் ஓடினால் எவ்வளவு சூடு பிறக்கும் என்ற கணக்கை ஜேம்ஸ் ஜூல் 1841-லேயே எழுதிவிட்டார். மேஸ்திரி அந்தக் கணக்கை மல்டிமீட்டரில் போட்டார். ஒரு கிரிப்பின் இரண்டு ஒயர் முனைகளிலும் முள்ளை வைத்தார். 6 ஓம். மற்றதிலும் 6. "ஆளுக்கு ரெண்டு ஆம்ப். மொத்தம் நாலு. 12 வோல்ட்டுக்கு 48 வாட்ஸ். இன்னொரு ஹெட்லைட்டை மாட்டி எரியவிடுற மாதிரி." என் வண்டியின் ஹெட்லைட் 55 வாட்ஸ். பேட்டரி 8 ஆம்பியர் ஹவர். என்ஜினை அணைத்துவிட்டு இதை மட்டும் எரியவிட்டால் கணக்குப்படி இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கும் வெகு முன்பே.

பழைய கிரிப்பைக் கழற்றிய விதம் அழகு. பிளேடால் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். கம்ப்ரசர் குழாயின் மூக்கை ரப்பரின் விளிம்புக்குள் நுழைத்து ஒரே ஒரு ஊது ஊதினார். ரப்பர் பலூன்போல் உப்பி, தானாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. "நல்ல ரப்பர், எதுக்குக் கிழிக்கணும்? வச்சுக்கங்க" என்று துடைத்து என் கையில் கொடுத்தார்.

இடது பக்கம் வெறும் இரும்புக் குழாய், 22 மில்லிமீட்டர். தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்தால் போதும். வலது பக்கம்தான் மேஸ்திரியின் முக்கால் நாளைத் தின்றது. அங்கே ஹேண்டில்பாருக்கு மேல் ஆக்சிலேட்டர் சுற்றுகிற பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. கம்பெனி ரப்பர் நழுவாமல் இருக்க அதன் மேல் வரிவரியாகப் பட்டைகள் எழுப்பியிருப்பார்கள். புதிய கிரிப் ஏற வேண்டுமென்றால் அந்தப் பட்டைகள் போக வேண்டும். அரத்தை எடுத்தார். நான்கு இழுப்பு, நிறுத்தம், கிரிப்பை நுழைத்துப் பார்த்தல், மறுபடி நான்கு இழுப்பு. அதிகம் ராவினால் குழல் மெலிந்து உடையும், பசையும் பிடிக்காது. குறைவாக ராவினால் கிரிப் பாதியில் சிக்கிக்கொள்ளும், வெளியே இழுக்கும்போது உள்ளே இருக்கும் சுருள் அறும். கிரைண்டரில் ஒரு நிமிட வேலை ஆயிற்றே என்று கேட்டேன். "கிரைண்டர் வச்சா ஒரு பக்கம் கூட இறங்கிரும் சார். அரத்துல கைக்குத் தெரியும்." அந்தக் குளிரில் அவர் விரலுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். ராவிய இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவி, "இங்க ஒரு நூல் இருக்கு" என்று சரியாக அந்த இடத்திலேயே மீண்டும் அரத்தை வைத்தார்.

பசையைத் திறப்பதற்கு முன் ஓர் ஒத்திகை. கிரிப்பை வெறுமனே ஏற்றி, வெள்ளை மார்க்கரால் கோடு போட்டார். வலது கிரிப்பிலிருந்து வெளியே வரும் ஒயர் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து சுற்றும். முழுக்க மூடியிருக்கும்போதும் முழுக்கத் திறந்திருக்கும்போதும் அது பிரேக் லீவரிலோ சுவிட்ச் பெட்டியிலோ முட்டக் கூடாது. கிரிப்பின் உள்விளிம்புக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவே ஒரு மெல்லிய சந்து வேண்டும். மடித்த விசிட்டிங் கார்டு ஒன்றை அந்தச் சந்தில் செருகி இழுத்துப் பார்த்தார்.

"சூடு வர்றதுக்கு என்ன சார், ரெண்டு ஒயரைக் கொடுத்தா வந்துரும். விட்ட ஆக்சிலேட்டர் திரும்பி வரணும். மேட்டுப்பாளையம் இறக்கத்துல 14 கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு முன்னாடி கையை விடுறீங்க, அது வரலைன்னா?" அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

பசை வைத்தால் சில நொடிகளில் இறுகிவிடும், திருத்த முடியாது. குழலில் பசையைத் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே தள்ளலில் கோட்டுக்குக் கோடு கொண்டுவந்து நிறுத்தினார். பக்கத்தில் நின்று அதுவரை பேசிக்கொண்டிருந்த பட்டறைப் பையன் அந்த நேரத்தில் வாய் திறக்கவில்லை.

அடுத்தது ஒயர் வேலை. பட்டறைச் சுவரில் ஓர் ஆணியில் ஒயர்த் துண்டு ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் தோல் தேய்ந்து செம்பு பளபளத்தது. வேறு எங்கோ மாட்டிக்கொண்டு வந்த வண்டியிலிருந்து கழற்றியதாம். ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் கழுத்தில் உரசி உரசித் தோல் போயிருக்கிறது. ரிலே இல்லாமல் நேராகப் பேட்டரியில் கொடுத்திருந்தார்கள். ஃபியூசும் கிடையாது. செம்பு பாடியைத் தொட்டிருந்தால் டேங்குக்கு அடியிலேயே தீ. பையனுக்குக் காட்டுவதற்காகத் தொங்கவிட்டிருக்கிறார். என் வண்டிக்கு ஒயர் இழுக்கும் வேலையைப் பையனிடமே கொடுத்தார். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விட்டு, டேங்குக்கு அடியில் கொண்டுபோய், பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்ப் ஃபியூஸ் வைத்தான். பிறகு ரிலே. அதன் முனைகளின் எண்களைச் சொல்லி மேஸ்திரி கேட்டார்.

"30-ல என்ன?"

"ஃபியூஸ் வழியா பேட்டரிண்ணா."

"87?"

"கிரிப்புக்கு."

"86?"

"சாவி போட்டா கரண்ட் வர்ற ஒயர். 85 எர்த்து."

சாவியை எடுத்தால் சூடும் நிற்க வேண்டும், அதற்குத்தான் ரிலே. லாட்ஜ் வாசலில் சுவிட்சை மறந்துவிட்டுத் தூங்கப் போகிறவர்களைக் காப்பாற்றுவது அந்தச் சின்னக் கறுப்புப் பெட்டி. இணைப்புகளுக்கு ஈயம் வைக்கவில்லை. லக் அடித்து, மேலே ஸ்லீவ் போட்டு லைட்டரால் சுருக்கினார்கள். ஈயம் வைத்த இடத்தை ஒட்டி ஒயர் விறைத்துப்போகும், சிங்கிள் சிலிண்டர் அதிர்வில் அங்கேதான் ஒடியும் என்பது மேஸ்திரியின் அனுபவம்.

மதியம் ஒரு பால்காரர் வந்தார். அறுபதைத் தாண்டியவர். 100 சிசி வண்டி, இரண்டு பக்கமும் கேன். என் வண்டியை எட்டிப் பார்த்து, "தம்பி, இது மாதிரி நமக்கும் ஒண்ணு மாட்டலாமா?" என்றார். காலை நாலரைக்கே கறந்த பாலோடு கிளம்புகிறவர். இந்த ஊரில் இந்தச் சாதனம் முதலில் யாருடைய கைக்குப் போக வேண்டும் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். மேஸ்திரி உடனே பதில் சொல்லவில்லை. வண்டியின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினார். "மூணு ஆம்ப்தாண்ணே. நாலு ஆம்ப் இழுக்கிற சாமானை இது தாங்காது. வீடு வீடா நிறுத்தி நிறுத்திப் போறவர் நீங்க. சார்ஜ் ஏற நேரம் ஏது?" விற்றிருந்தால் அவருக்குக் காசு. அதற்குப் பதில் காலி 5 லிட்டர் ஆயில் கேன் இரண்டை எடுத்தார். குறுக்கே வெட்டி, ஓரத்தைச் சூடு காட்டி வளைத்து, கண்ணாடித் தண்டு நட்டிலேயே பட்டி வைத்து இறுக்கினார். இரண்டு கைக்கும் முன்னால் இரண்டு கேடயங்கள். வேலைக்கூலி வாங்கினார், கேனுக்கு வாங்கவில்லை. வாட்ஸ் குறைந்த சின்ன கிரிப்புகளைச் சின்ன வண்டிகளுக்கென்றே செய்து, அவர்கள் வாங்குகிற விலையில் யாராவது கொடுக்க வேண்டும் என்று எனக்கு இருக்கிறது. மலையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது சின்ன வண்டிதான்.

மாலையில் வேலை ஓய்ந்து, தகர டின்னில் கரி போட்டுக் கணப்பு மூட்டினார்கள். கையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வீட்டுக் கதை சொன்னார். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பம். அங்கே தேயிலை பறித்த கை, இங்கே கோத்தகிரிப் பக்கம் வந்து மறுபடி தேயிலையே பறித்தது. ஜனவரிக் காலையில் ஈரக் கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி அம்மாவின் விரல் நுனிகள் வெடித்திருக்கும். துணி சுற்றிக்கொண்டு போவார். சாயங்காலம் வந்து அடுப்புக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், கை சூடேறும் வரை பிள்ளைகள் யாரும் சோறு கேட்கக் கூடாது. "விரல் மடங்கினாத்தானே சார் சோறு போட முடியும்" என்றார். கரி ஒன்று வெடித்தது. பையன் டின்னை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தி வைத்தான்.

பசை முழுக்கக் காய வேண்டும் என்று வண்டியை ராத்திரி அங்கேயே விடச் சொன்னார். மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் என்ஜினை ஓடவிட்டு, மீட்டரைப் பேட்டரியில் வைத்தார். கிரிப்பை முழுச் சூட்டுக்கு வைத்ததும் ஐட்லிங்கில் வோல்ட் இறங்கியது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் 14-ஐ ஒட்டி ஏறி நின்றது. "டிராஃபிக்ல நின்னா குறைச்சு வைங்க." பிறகு இரண்டு வெறுங்கைகளாலும் இரண்டு கிரிப்புகளையும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றார். ஒரு நிமிடத்துக்கும் மேல் இருக்கும். இடது பக்கம் கொஞ்சம் மந்தம் என்றார். அந்தப் பக்கச் சூட்டை இரும்புக் குழாய் குடித்துக்கொள்கிறது. வலது பக்கம் பிளாஸ்டிக் குழல் இருப்பதால் சூடு இரும்புக்குப் போகாமல் கைக்கே வருகிறது. "அது அப்படித்தான் இருக்கும். கோளாறுன்னு நினைச்சு யாரும் பிரிக்க வேண்டாம்."

புதிதாக மாட்டிய ஹேண்ட்கார்டோடு தலைக்குந்தா வரை ஓட்டிப் பார்த்து வரச் சொன்னார். வழியில் புல் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று எதிரே போனது. பின்னால் நின்றிருந்தவர்கள் கைகளை அக்குளில் செருகியிருந்தார்கள். என் உள்ளங்கையில் சூடு இருந்தது. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. பிரேக் லீவரின் உலோக விளிம்பு கையுறைக்கு உள்ளே விரலுக்குத் தெரிந்தது. கொஞ்சமாக அழுத்தினால் கொஞ்சமாகப் பிடித்தது.

திரும்பி வந்து நிறுத்தியபோது, சூடு எப்படி இருந்தது என்று அவர் கேட்கவில்லை. ஃபியூஸ் பெட்டியை விரலால் தொட்டுப் பார்த்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி, காதைச் சாய்த்து, சத்தம் ஏறுகிறதா என்று கேட்டார். வலது கோடிக்குத் திருப்பி மறுபடி கேட்டார். பிறகு சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிக் கையை விட்டார். 'டக்' என்று அது பழைய இடத்துக்கு வந்தது. இன்னொரு முறை திருகி விட்டார். மூன்றாவது முறை பையனைத் திருகச் சொன்னார்.