ஸவுத் ஹேவனில் ஒரு மாலை

சிகாகோ நகரத்திலிருந்து மிச்சிகன் ஏரியின் தென்கரையைச் சுற்றிக்கொண்டு மோட்டாரில் இரண்டு மணி நேரத்துக்குமேல் பிரயாணம் செய்தால், ஸவுத் ஹேவன் என்னும் சிற்றூரை அடையலாம். ஏரி என்றுதான் பெயர். மறுகரை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. வெண்மணலையும் சிவப்புச் சாயம் பூசிய கலங்கரை விளக்கத்தையும் பார்க்கிறவர்கள் கடற்கரை என்றே மயங்குவார்கள். ஒரு கை நீரை அள்ளி வாயில் விட்ட பிறகே என் சந்தேகம் தீர்ந்தது.

இவ்வூரின் செல்வம் அந்த ஏரியே. இளவேனிலில் அதன் குளிர்ந்த நீர் காற்றைக் குளிர்வித்து, உறைபனிக் காலம் கடக்கும்வரை மொட்டுக்கள் அவசரப்பட்டு மலராமல் காக்கிறது. மண்ணோ மணற்பாங்கானது, புளிப்புத் தன்மை உள்ளது. புளூபெர்ரிச் செடிக்கு வேண்டியவை இவையே. தோட்டக்கலை அறிஞர் லிபர்ட்டி ஹைட் பெய்லி 1858-ல் பிறந்த ஊரும் இதுதான்.

ஆகஸ்டு மாதத்து மாலை ஒன்றில், சிகாகோவில் வாழும் என் பழைய நண்பருடன் ஒரு தோட்டத்துக்குச் சென்றேன். ஆளுயரப் புதர்களில், நம் களாப்பழம் போன்ற கனிகள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின. ஒரே கொத்தில் சில பச்சை, சில இளஞ்சிவப்பு, சில கருநீலம்! தோட்டக்காரரான முதிய அம்மையார் புதரின் நிழலில் கட்டியிருந்த ஒரு கோப்பையை அவிழ்த்து எங்களிடம் காட்டினார். பக்கங்களில் சிறு துளைகள். உள்ளே ஈஸ்ட்டும் சர்க்கரையும் கரைத்த நீர். அதில் இரண்டு ஈக்கள் மிதந்தன.

"எங்கள் நாட்காட்டி இதுதான்" என்றார் அம்மையார்.

அந்த ஈ ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளமே உள்ளது. கண்கள் சிவந்தவை. ஆண் ஈயின் சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி இருக்கும். 1931-ல் மத்ஸுமுரா என்ற ஜப்பானிய அறிஞர் இதற்கு டிரோஸோபிலா ஸுஸுகி என்று பெயரிட்டார். 2008-ல் கலிபோர்னியாவிலும் 2010-ல் மிச்சிகனிலும் இது காணப்பட்டது. சாதாரணப் பழ ஈக்கள் அழுகிய கனியைத்தான் நாடும். இதன் பெண்ணோ, ரம்பம் போன்ற பற்களுள்ள முட்டையிடும் உறுப்பினால், நல்ல கனியின் தோலையே அறுத்து உள்ளே முட்டையிடுகிறது. மூன்று நாளுக்குள் முட்டை பொரித்துவிடும். கோடையில் இரண்டு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை பறக்கத் தொடங்கும்.

ஆகவே, விஷயமெல்லாம் காலத்தைப் பொறுத்தது. பச்சைக் காயை ஈ தீண்டாது. அப்பொழுது மருந்து தெளித்தால் பணம்தான் வீண். பூக்கும் பருவத்தில் தெளித்தாலோ மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் மடியும். புழு உள்ளே புகுந்த பின் தெளித்துப் பெரும்பயன் இல்லை. கனி நிறம் மாறத் தொடங்கும்போது, ஈயும் பொறியில் விழுந்தால், அதுவே தருணம். அதன்பின் அறுவடை முடியும்வரை ஏறக்குறைய வாரம் ஒரு முறை தெளிக்க வேண்டும். பெருமழை பெய்தால் மீண்டும் தெளிக்க வேண்டும். ஈக்கள் நடமாடுவது காலையிலும் அந்தியிலும். அந்தியில் தேனீக்கள் கூடு திரும்பிவிடுவதால் அவ்வேளையே உத்தமம்.

அன்று அம்மையாரின் முகத்தில் கவலை படர்ந்திருந்தது. ஐந்து நாட்களுக்கு முன் தெளித்த மருந்தை முந்தின இரவு பெய்த மழை கழுவிவிட்டது. அம்மருந்தைத் தெளித்தால் ஒரு நாளில் பறிக்கலாம். ஆனால் ஒரே இன மருந்தை அடுத்தடுத்து உபயோகித்தால் ஈக்கள் அதற்கு அசையாமல் பழகிவிடும். கைவசம் இருந்த மற்றொன்றுக்கோ மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பழம் கனிந்து உதிரும். முன்பு ஒரு வருஷம், ஒரு பெட்டியில் புழுவைக் கண்ட வியாபாரி லாரிச் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பியதை அவர் மறக்கவில்லை.

அம்மையார் ஒரு பிடி பழத்தை மெல்ல நசுக்கி உப்புநீரில் இட்டார். புழு இருந்தால் நீரில் மிதக்குமாம். கால் மணி நேரம் மூவரும் பேசாமல் அதையே உற்றுப் பார்த்தோம். ஒன்றும் மிதக்கவில்லை.

"விடியற்காலையில் பழுத்தவை அனைத்தையும் பறித்துக் குளிர் அறையில் வைத்துவிடுகிறோம். அந்தியில் மற்ற மருந்தைத் தெளிக்கிறோம். அடுத்த பறிப்புக்கு அவகாசம் இருக்கிறது" என்றார். அவர் குரலில் அப்பொழுதுதான் தெம்பு பிறந்தது.

ஸுஸுகி ஈயின் புழுக்களை அழிக்கும் ஒரு சிறு குளவியை 2022 முதல் அமெரிக்காவில் பல இடங்களில் விட்டு வருகிறார்கள். மருந்துச் செலவு ஒரு நாள் குறையலாம். ஆயினும் பொறியைப் பார்க்கும் வேலை குறையாது.

திரும்பும் வழியில் என் பாட்டி வீட்டு மாமரம் நினைவுக்கு வந்தது. மாம்பழத்தை அறுத்துப் புழுவைக் கண்ட பிறகே மரத்துக்கு மருந்து தேடுவோம். அதுவும் ஒரு பழ ஈயின் வேலையே. அது முட்டையிட்ட நாளை நாங்கள் பார்த்ததேயில்லை.