பாலவாக்கத்துக் கடலும் அக்கரைப் பெண்களும்

திருவான்மியூரைத் தாண்டி மஹாபலிபுரம் போகும் சாலையில், கொட்டிவாக்கத்துக்கும் நீலாங்கரைக்கும் நடுவே இருக்கிறது பாலவாக்கம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டபடியால் இதை இனிக் கிராமம் என்பதற்கில்லை. ஆனாலும் சாலையின் இரைச்சலை விட்டுக் கிழக்கே ஏதேனும் ஒரு சந்தில் நுழைந்து நடந்தால் போதும்; மணலும், காயும் வலையும், கருவாட்டு மணமும் எதிர்கொண்டு அழைக்கும்.

படகு கரையேறியதோடு ஆண்களின் வேலை பெரும்பாலும் தீர்ந்தது. மீனை விலைக்கு எடுப்பது, கூடையில் சுமந்து விற்பது, விற்ற காசில் குடும்பத்தை நடத்துவது எல்லாம் பெண்கள் பாடு. கூடையை இறக்கி வைத்திருந்த ஓர் அம்மாளிடம், "ஊர்க் கூட்டத்தில் நீங்களும் பேசுவதுண்டா?" என்று கேட்டேன். "அது ஆம்பளைங்க கூட்டம் சார், நாங்க அங்க எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கைக்காரரிடம் விலை பேசத் திரும்பிவிட்டார்.

இந்த மணலிலிருந்து நேர் கிழக்கே கோடு கிழித்தால் அது அந்தமானைத் தொட்டு, பர்மாவின் தென்கரையில் போய் முட்டும். தென்கிழக்கே பினாங்கு. 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி, ரப்பர் தோட்டங்களுக்குப் போன நம்மவர் கதையை நேயர்கள் அறிவார்கள். அவர்களுடைய பெண்மக்களின் கதைதான் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

1942-ல் மலாயா முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். 1943-ல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்ஸி ராணி படையை அமைத்தார். அதன் தலைவி டாக்டர் லக்ஷ்மி சுவாமிநாதன் நம் சென்னையிலே பிறந்து, இங்கேயே வைத்தியம் படித்தவர். சேர்ந்தவர்களோ பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். எந்தத் தேசத்துக்காகத் துப்பாக்கி ஏந்தினார்களோ அதைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் அவர்களில் அநேகர்! 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டு, விமானங்களுக்கு அஞ்சி இரவில் நடந்தும் பகலில் ஒளிந்தும் பாங்காக்கை நோக்கிப் பின்வாங்கினார்கள்.

யுத்தம் முடிந்தபின் அவர்கள் செய்தது அதைவிடக் கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம். ஜானகி தேவர் 1946-ல் மலாயா இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது முன்னின்றார். பிற்பாடு மேல் சபையிலும் அமர்ந்தார். பதினாறாவது வயதில் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன் ஆசிரியையானார். ஒரே பள்ளி, ஒரே பாடம், ஒரே அளவு நோட்டுப் புத்தகக் கட்டு. சம்பளம் மட்டும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்குக் குறைந்த இன்னொன்று. நோட்டுத் திருத்தும் சுமையை நானும் அறிவேனாதலால் இந்த அநியாயம் எனக்கு நன்றாக உறைக்கிறது. 1960-ல் ராசம்மா ஆசிரியைகளுக்கென்றே ஒரு சங்கம் கண்டு, சம ஊதியம் கேட்டுப் போராடினார். அந்த ஆண்டுகளின் இறுதியில் மலேசிய அரசாங்கம் அக்கொள்கையை ஒப்புக்கொண்டது.

படித்த பெண்களுக்குச் சங்கம் அமைந்தது. எழுத்தறியாத வீராங்கனைகள் சீருடையைக் களைந்து வைத்துவிட்டு, மறுபடியும் விடியற்காலையில் பால்மரம் சீவப் போனார்கள். அங்கே பெண்ணின் கூலி முன்போலவே ஆணின் கூலிக்குக் கீழேயே இருந்தது.